மதிப்பீட்டில் செயின்சாவுக்கு ஒரு வரி இருக்கிறது, கயிற்றுக்கு இல்லை: நகராட்சி ஆணையர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி ஆணையர்களுக்கும் பூங்காப் பிரிவுப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் சாலையோர மரங்களைக் கவாத்து செய்ய உங்கள் அலுவலகங்களில் ஆண்டுதோறும் மதிப்பீடு போடுகிறார்கள். அப்படிப்பட்ட மதிப்பீடுகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் செயின்சா இருக்கும், லாரி இருக்கும், ஆள் கூலி இருக்கும், வெட்டிய கிளையைக் கொண்டுபோய்க் கொட்டும் தூரம்கூடக் கிலோமீட்டர் கணக்கில் இருக்கும். மரத்தின் மேலே நிற்கப்போகிறவர் எதில் தொங்குவார் என்பது மட்டும் இருக்காது. கடைசிப் பக்கத்தில் ‘பாதுகாப்பு உபகரணங்கள் ஒப்பந்ததாரரின் பொறுப்பு’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி களத்துக்கு வந்து சேரும்போது ஒரு மஞ்சள் ஹெல்மெட்டாகவும், கட்டடத் தளத்திலிருந்து எடுத்து வந்த ஒரு பெல்ட்டாகவும், லாரியில் பாரம் கட்டும் நீலநிற பிளாஸ்டிக் கயிறாகவும் மாறியிருக்கும்.

நான் கயிறு போட்டு மரம் ஏறி வேலை பார்ப்பவன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். அடுத்த மதிப்பீட்டில் கயிற்றுக்கும், அந்தக் கயிற்றை மரத்தில் ஏற்றி நிறுத்தும் நேரத்துக்கும் தனியாக வரி எழுதுங்கள். ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பள்ளிக்கூட இயற்பியல் பேச வேண்டியிருக்கிறது. பொறியாளர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

கிணற்று ராட்டினத்தை எடுத்துக்கொள்வோம். பத்து கிலோ வாளியைத் தூக்கப் பத்து கிலோவுக்கான இழுப்பு வேண்டும். ராட்டினம் இழுக்கும் திசையை மாற்றுகிறதே தவிர, எடையைக் குறைப்பதில்லை. சரி, இப்போது வாளிக்குள் நீங்களே உட்கார்ந்துகொண்டு, ராட்டினத்தின் மறுபக்கம் தொங்கும் கயிற்றை நீங்களே இழுக்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் எடையை இப்போது கயிற்றின் இரண்டு பக்கமும் தாங்குகின்றன. 70 கிலோ ஆள் 35 கிலோ இழுத்தால் போதும், மேலே போவார். பதிலுக்கு ஒரு மீட்டர் ஏற இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். இயந்திர லாபம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதைத்தான். மரம் ஏறுபவர்கள் கிளைக்கு மேலே கயிற்றைப் போட்டு, ஒரு முனையை இடுப்பில் கட்டி, மறுபக்கத்தில் உராய்வு முடிச்சு (பாரம் விழுந்தால் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் முடிச்சு) போட்டு ஏறும் பழைய முறையும் இதேதான். இரட்டைக் கயிறு ஏற்றம் என்போம்.

கணக்கில் 35 வருவது மரத்தில் வராது. கிளை ராட்டினம் இல்லை, அது உருளாது. வேப்பமரக் கவையில், அதாவது கிளை பிரியும் இடத்தில், அரை வட்டம் சுற்றிப் போகும் கயிறு பட்டையோடு உரசிக்கொண்டே போகும். எவ்வளவு உரசிப் பிடிக்கும் என்பதைச் சொல்லும் உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் இழுக்கும் பக்கத்து விசையில் ஐந்தில் இரண்டு பங்குதான் மறுபக்கத்துக்குப் போய்ச் சேரும். 35க்குப் பதில் 50 கிலோ இழுக்க வேண்டும். அந்தக் கவையில் ஒரு வார்ப்பட்டையைச் சுற்றி, அதில் ஒரு நல்ல கப்பியை மாட்டி, கயிற்றை அதன் வழியாக விட்டால் 37 கிலோ ஆகிவிடும். கையால் இழுக்கும் ஒவ்வொரு இழுப்பிலும் 13 கிலோ மிச்சம். பன்னிரண்டு மீட்டர் ஏறுவதற்குள் இருபத்துநாலு மீட்டர் கயிறு கைக்குள் வந்து போகும். மேலே போய்ச் சேர்ந்த ஆளின் முன்கை நடுங்குகிறதா, நிதானமாக இருக்கிறதா என்பதை அந்தக் கப்பி தீர்மானிக்கிறது. நடுங்கும் கையோடுதான் அவர் செயின்சாவைக் கிளப்பப் போகிறார்.

கப்பிக்கும் பட்டைக்கும் நடுவே மரமும் இருக்கிறது. நாள் முழுக்க ஒரே கவையில் ஓடும் கயிறு பட்டையை அறுத்து உள்ளே இருக்கும் பச்சைத் தோலைக் காயப்படுத்திவிடும். மரத்தைக் காப்பாற்றத்தான் கவாத்து என்று சொல்லிவிட்டு, கவாத்து செய்யப் போனவரின் கயிறே மரத்தைப் புண்ணாக்கினால் என்ன அர்த்தம்? ஒரு மரத்தை அடியோடு எடுக்கப் பசுமைக் குழுவின் அனுமதி கேட்கிறோம். காலில் ஆணிக் காலணி மாட்டிக்கொண்டு ஏறி, வளரவேண்டிய மரத்தின் தண்டு முழுக்கத் துளை போடுகிறவரை யாரும் கேட்பதில்லை. ஆணிக் காலணி வெட்டி எடுக்கப்போகும் மரத்துக்கு மட்டும்தான்.

இரண்டாவது முறை ஒற்றைக் கயிறு ஏற்றம். இதில் கயிறு நகராது, ஆள்தான் நகர்வார். கயிற்றை மேலே ஒரு கவையில் போட்டு, ஒரு முனையை அடிமரத்தில் கட்டிவிட்டு, தொங்கும் மறுமுனையில் ஜூமார் போன்ற பிடிகளை மாட்டி, காலால் மிதித்து மிதித்து ஏறுவது. ஜூமார் 1958இல் ஸ்விட்சர்லாந்தில் ஜூசி, மார்ட்டி என்ற இருவர் உருவாக்கியது. அவர்கள் பெயர்களின் முதல் எழுத்துகளே கருவியின் பெயராகிவிட்டன. மேலே தள்ளினால் நகரும், கீழே இழுத்தால் பல் பதித்துக் கடித்துக்கொள்ளும். இங்கே இயந்திர லாபம் எதுவும் இல்லை. 70 கிலோவையும் நீங்களே தூக்க வேண்டும். ஆனால் தூக்குவது தொடை. கையால் 50 கிலோவை இழுப்பதைவிடக் காலால் 70 கிலோவை மிதிப்பது எளிது என்று ஒரு முறை ஏறிப் பார்த்தவர் யாரும் ஒத்துக்கொள்வார். கயிறு கிளையில் உரசுவதில்லை, அதனால் கிளையில் விசை இழப்பும் இல்லை.

அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அது தெரியாமல் ஏறக்கூடாது. கயிறு கவைக்கு மேலே போய் மறுபக்கம் அடிமரத்தில் கட்டப்பட்டிருப்பதால், கவை மேல் ஆளின் எடை மட்டும் விழுவதில்லை. ஒரு பக்கம் 70 கிலோ இழுக்கிறது என்றால், அதைச் சமாளிக்க மறுபக்கமும் இழுக்கிறது. கவையின் தலையில் 140 கிலோ வரை விழும். கிளைக்கு மேலே போட்ட கயிறு இருபக்கமும் வெட்டும் சமாச்சாரம். இரட்டைக் கயிற்றில் உங்கள் இழுப்பைப் பாதியாகக் குறைப்பது, ஒற்றைக் கயிற்றில் கிளையின் சுமையை இரண்டு மடங்காக்கிவிடும். மயில்கொன்றையும் பெருங்கொன்றையும் நம் தெருக்களில் நிறைய. வேகமாக வளரும், வேகமாகவே ஒடியும். முருங்கையைச் சொல்லவே வேண்டாம். கீழே நின்று அண்ணாந்து பார்த்து ‘அந்தக் கவை தாங்கும்’ என்று சொல்லும் கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். அதனால்தான் ஏறுவதற்கு முன் இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கிக் குலுக்கிப் பார்க்கிறோம்.

அப்புறம் உராய்வு முடிச்சு. 1931இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் புருசிக் எழுதி வெளிப்படுத்திய முடிச்சு இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. மெல்லிய வடம் ஒன்றைக் கயிற்றைச் சுற்றிச் சில சுற்றுகள், அவ்வளவுதான். தளர்வாக இருந்தால் நழுவும், பாரம் ஏறினால் இறுகும். மரமேறிகள் பிறகு அதிலிருந்து எத்தனையோ வகை பிறப்பித்துவிட்டார்கள். ஒற்றைக் கயிற்றில் ஏறி, அதே முடிச்சாலேயே இறங்கவும் வசதியாக, முடிச்சின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் ‘ரோப் ரெஞ்ச்’ என்ற சின்னக் கருவியை கெவின் பிங்ஹாம் என்ற மரமேறி கொண்டுவந்தார். அதற்குப் பிறகு வேலையே மாறிவிட்டது. முடிச்சின் வேலையைச் செய்யும், உலோகத்தால் ஆன இயந்திரப் பிடிகளும் வந்தன.

இந்த இடத்தில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். விலையுயர்ந்த இயந்திரப் பிடிகளை வாங்கச் சொல்லி உங்களுக்கு நான் எழுதவில்லை. பெட்சல் போன்ற பெயர்பெற்ற ஏறுகருவி நிறுவனமே 2013இல் புதிதாக விட்ட ஒரு இயந்திரப் பிடியை, விரிசல் கண்டதால் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. முடிச்சு பழுதானால் கண்ணுக்குத் தெரியும். நூல் பிசிறும், பளபளக்கும், விறைக்கும். புதிய வடம் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த வடமும் கயிறும் எதனால் ஆனவை என்பது முக்கியம். நீலநிற லாரிக் கயிறு பாலிபுரோப்பிலீன். 165 டிகிரி வாக்கில் உருகிவிடும். முடிச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கினால் உராய்கிற இடத்தில் வெப்பம் ஏறும், முடிச்சின் உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகும். அடுத்த முறை அந்த இடத்தில் முடிச்சு பிடிக்காது, வழுக்கும். நம் ஊர் வெயிலில் கிடந்தால் வேறு சீக்கிரம் பொடிந்துபோகும். கையில் வைத்து நிமிண்டிப் பாருங்கள், இழை உதிரும். அந்தக் கயிறு லாரியில் வைக்கோலைக் கட்டட்டும். மனிதனைக் கட்டவேண்டியது நைலான் அல்லது பாலியெஸ்டர் உறைபோட்ட கயிறு. அமெரிக்காவின் மரப்பணித் தரம், புதிய ஏறுகயிறு குறைந்தது 5,400 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 24 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது. 70 கிலோ ஆளுக்கு 2,400 கிலோ எதற்கு என்று தணிக்கைக்காரர் கேட்பார். முடிச்சு போட்ட இடத்தில் கயிறு தன் பலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது, தொய்வோடு சறுக்கினால் எடை பல மடங்காகிறது, நாள்பட நாள்பட கயிறு தேய்கிறது. இதையெல்லாம் கழித்த பிறகும் மிச்சம் இருக்க வேண்டும்.

‘மரம் ஏறும் கருவிதான் ஏற்கனவே மானியத்தில் கிடைக்கிறதே’ என்று உங்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தென்னைக்கான கருவி. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஒரு விவசாயி உருவாக்கிய மாதிரியைத்தான் பலரும் பார்த்திருப்பீர்கள். இரண்டு சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி வரும் ஒரு எஃகு வடம், ஒவ்வொரு காலுக்கும் ஒரு மிதி. ஒரு காலில் எடையைப் போட்டால் அந்தச் சட்டம் சாய்ந்து வடம் மரத்தை இறுக்கும். எடையை எடுத்தால் வடம் தளரும், அந்தச் சட்டத்தை மேலே தூக்கலாம். நெம்புகோலை இவ்வளவு அழகாகப் பயன்படுத்திய கருவி அரிது. ஆளின் எடையே பிடியாகிறது. பனையேறிகள் பாதங்களில் மாட்டும் தளைநார் செய்வதும் அதுதானே, பாதத்தின் அழுத்தத்தை உராய்வாக மாற்றுவது. ஆனால் இவை எல்லாம் அடியிலிருந்து நுனிவரை ஒரே கம்பமாகப் போகும் மரத்துக்கு. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தூங்குமூஞ்சியில், பத்தடியிலேயே நாலாகப் பிரியும் வேம்பில், அந்தச் சட்டத்தை எங்கே மாட்டுவது? தெருமரத்துக்குக் கயிறு ஒன்றுதான் வழி. ஹைட்ராலிக் ஏணி வண்டி வசதிதான், மறுக்கவில்லை. அந்த வண்டி மயிலாப்பூரின் சந்துகளுக்குள் திரும்புமா, மதுரையின் உள்வீதிகளில் கால் ஊன்றி நிற்குமா என்று நீங்களே சொல்லுங்கள். அப்படியே நின்றாலும் வண்டியின் கைக்கு எட்டாத உட்கிளைக்குத் தொட்டியிலிருந்து இறங்கி நடந்து போகிறார்கள், கயிறே இல்லாமல்.

தென்னை ஏறுபவர்களை மதிக்காமல் இதைச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கவாத்து வேலைக்கு நீங்கள் அழைக்கும் ஒப்பந்ததாரர் முதலில் தேடுவது அவர்களைத்தான். உயரத்துக்குப் பயப்படாதவர்கள், மரத்தின் பேச்சு தெரிந்தவர்கள், முசுறு எறும்பு கடித்தாலும் கை விடாதவர்கள். ஆனால் தென்னையில் அவர்கள் வெட்டுவது மட்டை, குலை. இங்கே அவர்கள் வெட்டவேண்டியது கட்டை. நாற்பது சென்டிமீட்டர் குறுக்களவும் இரண்டு மீட்டர் நீளமும் கொண்ட பச்சைக் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கன மீட்டருக்கு 900 கிலோ என்று வைத்தால் அது 225 கிலோ வரும். கீழே ஒரு கார் நிற்கிறது, இடதுபக்கம் மின்கம்பி, வலதுபக்கம் யாரோ ஒருவர் வீட்டு சிமெண்ட் ஷீட். அதை எப்படி இறக்குவீர்கள்?

பெரும்பாலும் நான் பார்ப்பது இதுதான். கட்டையில் ஒரு கயிற்றைக் கட்டி, மேலே ஒரு கவையில் போட்டு, கீழே நாலு பேர் கையில் பிடித்துக்கொள்கிறார்கள். வெட்டு முடிந்ததும் கட்டை விழுகிறது, நாலு பேரும் தரையிலிருந்து இழுபட்டு ஓடுகிறார்கள், ஒருவர் கயிற்றை விடுகிறார். மீதி மூன்று பேரின் உள்ளங்கைத் தோல் கயிற்றில் ஒட்டிக்கொள்கிறது. நாலு பேர் தேவையே இல்லை. அடிமரத்தைச் சுற்றிக் கயிற்றை இரண்டு முழுச் சுற்று சுற்றினால், அதே 0.3 உராய்வுக் கெழுவில், 225 கிலோ கட்டையை நிறுத்த ஐந்து கிலோ இழுப்பு போதும். ஒரே சுற்று என்றால் 34 கிலோ. ஏறும்போது நம் கையிலிருந்து 15 கிலோவைத் திருடிய அதே உராய்வு, இறக்கும்போது நமக்காக வேலை செய்கிறது. ஒரே ஆள், கையுறை போட்டுக்கொண்டு, மெதுவாக விட்டு விட்டுக் கட்டையைக் காரின் பக்கத்தில் வைக்கலாம். இதற்கென்று அடிமரத்தில் பொருத்தும் உருளைத் தம்பங்கள் கிடைக்கின்றன. மரப்பட்டைக்கும் நல்லது. இல்லையென்றால் மரமே போதும்.

கவனிக்க வேண்டியது, மேலே கட்டையைத் தாங்கும் கப்பியின் மேல் விழும் சுமை. கட்டை அசையாமல் தொங்கினாலே 225இன் இரண்டு மடங்கு, 450 கிலோ. கட்டை ஒரு மீட்டர் விழுந்து பிறகு கயிறு பிடித்தால் அதைவிட மிக அதிகம். கட்டை தொங்கும் அதே கவையில்தான் பல நேரங்களில் ஆளும் தொங்கிக்கொண்டிருப்பார். கவை பிளந்தால் இருவரும் சேர்ந்து இறங்குவார்கள். ஆளின் கயிறு ஒரு கவையில், கட்டையின் கயிறு வேறு கவையில். இதை ஒரு விதியாகவே எழுதலாம், செலவு ஒரு பைசா இல்லை.

ஒரு கயிறு போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓடும் செயின்சாவுக்குக் கிளையும் கயிறும் ஒன்றுதான். பாரத்தில் இறுகி நிற்கும் கயிற்றை அது தொட்டால் போதும். மேலே ரம்பம் ஓட்டும்போது இரண்டாவது பிணைப்பு இருந்தே தீர வேண்டும் என்று அமெரிக்கத் தரம் சொல்கிறது. பிரிட்டனில் 2005இன் உயரப் பணி விதிகள், கயிற்றில் தொங்கி வேலை செய்பவருக்குத் தனித்தனியாகக் கட்டிய இரண்டு கயிறுகளைக் கேட்கின்றன. இரண்டாவது கயிறு ஆபத்தைக் கூட்டும் இடத்தில் மட்டும் விலக்கு. அமெரிக்காவில் மின்கம்பம் ஏறும் லைன்மேன்கள் காலங்காலமாக மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் பெல்ட்டை மாட்டினார்கள். 2015 ஏப்ரல் 1 முதல் ஏறும்போதும் விழாமல் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு கட்டாயம் என்று ஆனது. அங்கேயும் ‘வேலை தாமதமாகும், பழகியவனுக்கு இதெல்லாம் எதற்கு’ என்ற பேச்சு இருக்கத்தான் செய்தது. நமக்கு இரண்டாவது பிணைப்பு என்பது உள்ளே எஃகு வடம் ஓடும் ஒரு குட்டைக் கயிறு. வெட்டப்போகும் இடத்தில் தண்டைச் சுற்றிப் போட்டு இடுப்பின் இரு பக்கமும் மாட்டிக்கொள்வது. ரம்பத்தின் பல் எஃகில் பட்டதும் சத்தம் மாறும், கை நின்றுவிடும்.

மின்கம்பி பக்கத்தில் எல்.சி. (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) வாங்காமல் ஆளை ஏற்றுவதைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, மின்வாரியத்துக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒன்று மட்டும். மழையில் நனைந்த கயிறு மின்சாரத்தைக் கடத்தும். ‘கயிறுதானே’ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இப்போது யாரும் பேச விரும்பாத பகுதி. மேலே இருப்பவருக்கு ஏதாவது ஆனால்? ரம்பம் தொடையில் பட்டது, தேனீ கொட்டியது, வெயிலில் மயங்கினார். பெல்ட்டில் அசையாமல் தொங்கும் ஆளின் ரத்தம் கால்களில் தேங்க ஆரம்பித்துவிடும், நிமிடக் கணக்கில் கீழே கொண்டுவர வேண்டும். ஒரு ஊரில், ஊர்ப் பெயர் வேண்டாம், கிளை அடித்து நினைவிழந்த ஒருவரைக் கீழே இருந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு மனசு இல்லாமல் இல்லை. மேலே போக இரண்டாவது கயிறு இல்லை, ஏறத் தெரிந்த இரண்டாவது ஆளும் இல்லை. தீயணைப்பு வண்டி வந்து ஏணி போட்டு இறக்கினார்கள். பிழைத்துக்கொண்டார். அந்த ஒப்பந்தத்தில் இரண்டு ஏறுநர்களுக்குக் கூலி எழுதியிருந்தார்களா என்று பிறகு கேட்டேன். ‘ஏறுநர்’ என்ற பதவியே மதிப்பீட்டில் இல்லை, எல்லாரும் ‘மஸ்தூர்’, அதாவது சாதாரணக் கூலியாள்.

மயங்கியவரை இறக்க வேண்டுமென்றால் முதலில் அவரை ஒரு சாண் மேலே தூக்க வேண்டியிருக்கும். பாரத்தில் இறுகிய முடிச்சை விடுவிக்க அப்போதுதான் முடியும். 80 கிலோ ஆளை மேலே தொங்கிக்கொண்டு கையால் தூக்க யாராலும் முடியாது. இங்கேதான் மூன்றுக்கு ஒன்று இயந்திர லாபம் கைகொடுக்கும். ஒரு குட்டைக் கயிறு, இரண்டு கப்பி, இரண்டு உராய்வு முடிச்சு. கயிறு ஆங்கில இசட் எழுத்து மாதிரி மடிந்து போகும். கணக்குப்படி 27 கிலோ இழுத்தால் 80 கிலோ எழும். நல்ல கப்பி போட்டால் 30. கப்பி இல்லாமல் வெறும் கொக்கியில் கயிற்றை வளைத்தால் அந்த மூன்று பங்கு லாபம் இரண்டாகத் தேய்ந்து, 40 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். இரண்டு சின்னக் கப்பிகளின் விலை அவ்வளவு ஒன்றும் இல்லை. இதைப் பழகியவர் சீக்கிரமே கட்டி முடிப்பார். பழகாதவர் கட்டவே மாட்டார்.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஒப்பந்ததாரர்கள் ஏன் கயிறு வாங்குவதில்லை? கஞ்சத்தனம் மட்டும் காரணமில்லை. ஒரு நல்ல செயின்சாவின் விலையில் ஏறக்குறைய ஒரு ஆளுக்கான முழு உடல் பெல்ட், கயிறு, கொக்கிகள், கப்பிகள் எல்லாம் வந்துவிடும். தடையாக நிற்பது உங்கள் விலைப்பட்டியல். மரத்துக்கு இவ்வளவு, லோடுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கிறீர்கள். எறிபையில் மெல்லிய நூலைக் கட்டி, குறிபார்த்து எறிந்து, கவைக்கு மேலே விட்டு, அதன் பின்னால் கயிற்றை இழுத்து, கப்பி வார்ப்பட்டையை ஏற்றி, குலுக்கிப் பார்க்க நல்ல கைக்கே கால் மணி நேரம் ஆகும். அடர்ந்த தூங்குமூஞ்சியில் எறிபை கிளையில் சிக்கினால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் கயிறில்லாதவர் ஏறி, இரண்டு கிளையை வெட்டிப் போட்டிருப்பார். குறைந்த விலை கேட்டவருக்கு வேலை என்றால், கயிறு போடாதவருக்குத்தான் வேலை. பாதுகாப்பாக வேலை செய்கிறவரை உங்கள் டெண்டர் முறையே தோற்கடிக்கிறது. வர்தா புயலுக்கு மறுநாள், 2016 டிசம்பர் 13ஆம் தேதி காலையில் சென்னையில் யாருக்கும் அரை மணி நேரம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆகஸ்ட், செப்டம்பரில் செய்யும் கவாத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது.

ஆகவே எழுதவேண்டிய வரிகளை நானே எழுதிப் பார்த்தேன். உங்கள் நடையில் திருத்திக்கொள்ளுங்கள். ‘ஒவ்வொரு மரத்துக்கும் ஏறுகயிறு அமைத்துச் சோதிக்கும் நேரத்துக்கான கூலி தனியாக வழங்கப்படும். ஏறுநர் ஐ.எஸ். 3521 தரமுத்திரை பெற்ற முழு உடல் பெல்ட்டும், உறைபோட்ட ஏறுகயிறும், கவையில் கப்பியுடன் கூடிய வார்ப்பட்டையும் பயன்படுத்த வேண்டும். ரம்பம் இயங்கும்போது இரண்டு பிணைப்புகள் இருக்க வேண்டும். கிளையை இறக்கும் கயிறு ஏறுநரின் கவையில் அமையக்கூடாது. களத்தில் எந்நேரமும், தனிக் கயிறும் மூன்றுக்கு ஒன்று இழுவைக் கப்பித் தொகுப்பும் வைத்திருக்கும் இரண்டாவது ஏறுநர் ஒருவர் இருக்க வேண்டும். கயிறு இல்லாமல் ஏறுவது கண்டால் அன்றைய வேலை நிறுத்தப்படும், ஏறுநரின் கூலி பிடிக்கப்படாது.’ கடைசிச் சொற்றொடரை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். கூலி போகும் என்றால் அவர் மரத்தின் மறுபக்கமாக ஏறிவிடுவார்.

யார் சொல்லிக்கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. பாறையேற்றம் கற்றவர்கள், உயரக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவர்கள், தீயணைப்புத் துறையின் மீட்புக் குழுவினர் என்று கயிறு தெரிந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். மரம் தெரிந்தவர்கள் தென்னை, பனை ஏறுபவர்கள். இரண்டு தரப்பையும் ஒரு வாரம் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வைத்தால் போதும். மரத்தை நகராட்சிப் பூங்கா தரட்டும், கயிற்றை நாங்கள் கொண்டுவருகிறோம். பயிற்சிக்கு வருபவர்களுக்கு அந்த வாரத்தின் தினக்கூலியை மட்டும் நீங்கள் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் ஒருவரும் வரமாட்டார்கள், வரவும் கூடாது.

இந்த ஆண்டு மதிப்பீடு இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால், செயின்சா வரிக்குக் கீழே இடம் இருக்கும்.

இப்படிக்கு,
கயிற்றில் தொங்கி வேலை பார்க்கும் மரமேறி ஒருவன்